கணக்காய்வு மாணவர்

கொழும்பிலிருந்து வந்த சுற்றுநிருபத்தின்
தமிழ்ப் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது:
கணக்காய்வு மாணவர்கள் அரைக் கட்டணம் செலுத்துதல் வேண்டும்.
காசாளர் பதூர்தீன் இரண்டு முறை வாசித்தார்,
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறை.
பிறகு எழுந்துபோய்
இரும்பு அலுமாரியைப் பூட்டிவிட்டு வந்தார்.

வகுப்பில் இருந்து கேட்கலாம் நானா,
பரீட்சை இல்லை, புள்ளி இல்லை, சான்றிதழ் இல்லை,
மொழிபெயர்த்தவருக்குச் சொல் பிசகிவிட்டது, என்றேன்.
காசு கட்டிச் சும்மா கேட்கவா,
ஆர் வருவான்?

யோகமலர் வந்தாள்.
நிலாவெளி ஹொட்டேல் ஒன்றின் சலவைப் பகுதி.
வெளிறிப்போன விரல்கள், நகக்கண்ணில் நீலம்.
கணக்கீடு, முதலாம் தவணை, கேட்க மட்டும்.
படிவத்தில் 'நோக்கம்' என்ற கட்டத்துக்குள்
தெரிய வேணும் என்று எழுதினாள்.
பதினொரு வருஷமாய் இந்தக் கவுண்டரில் இருக்கிறேன்,
அந்தக் கட்டத்தில் எல்லாரும் எழுதுவது
வேலைவாய்ப்பு.

அதே கிழமை இல்ஹாமும் வந்தான்.
சீனக்குடா மாவாலையில் இரவு வேலை,
புருவத்தில் இன்னும் மா.
இருபத்தொரு கிரெடிட் ஒரே தவணையில் வேண்டுமாம்.
பதினெட்டுக்கு மேலே பீடாதிபதி ஒப்பம் வேண்டும்.
ஜன்னலுக்கு வெளியே கோதுமைக் கப்பல் ஒன்று
குடாவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.
கப்பலின் விலாவில் ஒரு கோடு போட்டிருப்பார்கள்,
அது தாழும்வரை ஏற்றக் கூடாது.
மனிசருக்கு அந்தக் கோட்டைப்
பதினெட்டில் போட்டிருக்கிறோம்.
ஏன் பதினெட்டு, என்றான்.
எனக்கு முந்தி இருந்தவர் போட்டது, என்றேன்.
ஒப்பம் கிடைத்தது.
நாலாம் கிழமை இரண்டு பாடங்களை விட்டான்.
காசு திரும்பும் திகதி
மூன்றாம் கிழமையோடு முடிந்திருந்தது.
அதற்கும் ஒரு படிவம் உண்டு,
நிரப்பினான்.

கேட்பவருக்கு வரவுப் பட்டியலில் இடமில்லை.
என்ட பேரையும் ஒருக்காக் கூப்பிடச் சொல்லுங்கோ மிஸ்,
ஓம் எண்டு சொல்ல ஆசை.
கையேட்டைப் புரட்டினேன்.
கூப்பிடலாம் என்று இல்லை,
கூடாது என்றும் இல்லை.
பட்டியலின் அடியில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்.
டெஸ்மன் சேர் கடைசியாய்க் கூப்பிடுவார்.
அந்த ஓம்
கீழ்மாடியில் எனக்கும் கேட்கும்.

வங்கி இணக்கக் கூற்றுப் படிப்பித்த அடுத்த நாள்
பற்றுச்சீட்டோடு வந்து நின்றாள்.
மழை. வாசலில் இரண்டு மான்கள் ஒதுங்கி நின்று
அறிவித்தல் பலகையின் கீழ்மூலையைத் தின்றுகொண்டிருந்தன.
இதில பரீட்சைக் கட்டணம் ஆயிரத்து ஐநூறு எடுத்திருக்கு.
எனக்குத்தான் பரீட்சை இல்லையே.
குரலில் சண்டை இல்லை,
கறையைக் காட்டுகிறவள் போல
விரலை வைத்து நின்றாள்.
பதூர்தீன் அலுமாரியைத் திறந்தார்.
இரண்டரை மணித்தியாலம், மூன்று பேரேடு,
அவளைப் போலவே இன்னும் ஏழு பேர்.
எண்ணிக் கொடுத்தார்.
அவள் போனபின் என்னைப் பார்த்து,
மொழிபெயர்த்தவன் சரியாத்தான் போட்டிருக்கான் பிள்ள, என்றார்.

திருத்தச் சுற்றுநிருபம் மாசியில் வந்தது.
'கணக்காய்வு' என்று வருமிடமெல்லாம்
'செவிமடுப்பு' என வாசிக்கவும்.
எல்லாக் கோப்பிலும் வெட்டி எழுதினேன்.
ஒன்றை விட்டுவிட்டேன்.

இந்தத் தவணை அவள்
புள்ளிக்கே படிக்கப்போகிறாளாம்.
அப்படியென்றால் முதலில் மேம்பாட்டு ஆங்கிலம்,
கிழமைக்கு ஆறு மணித்தியாலம்,
கட்டணம் முழுசு, கிரெடிட் பூச்சியம்.
பளுவில் சேருமா?
சேரும்.
பட்டத்தில்?
சேராது.
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
மனத்துக்குள் எதையோ கூட்டிக் கழித்தாள்.
பூச்சியத்துக்கு ஏன் மிஸ் முழுக் காசு?

நாற்பத்திரண்டாம் பக்கம்வரை பார்த்தேன்.
அதற்கு அடுத்தது அட்டை.